பல் டாக்டர் வாசல் பெஞ்சு

— அந்த ஓரத்துல உக்காராதீக சாமி, ஆணி நீட்டிக்கிட்டு நிக்கி. இங்கன வாங்க.

— பரவாயில்லை ரோச், நான் தள்ளியே இருக்கேன். மூட்டை எறக்கற மேஸ்திரிக்குப் பல் டாக்டராத்திலே என்ன வேலை?

— ஒரு சீட்டு வாங்கணும். உள்ள எழுதிக்கிட்டிருக்காரு.

— பேச்சு கொழறறதே ஓய்.

— வாயில புண்ணு. அது கெடக்கட்டும். இங்கனயும் வாயில துண்டா? கெடங்குல மூட்டை எண்ணும்போது ஒரு ஆளு பக்கத்துல வந்தாப் போதும், துண்டால வாயைப் பொத்திக்கிட்டு பத்தடி தள்ளிப் போயிருவீக.

— அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

— தெரியும் சாமி. நீங்க ஆழ்வார்திருநகரி ஐயங்கார். நாங்க கடக்கரை ஆளு, மீனு திங்கவன். நான் தப்பாவே நெனைக்கல.

— என்ன சொல்றீர்?

— ஆசாரம்லா. நீங்க வேலைக்கி வந்த வாரமே பயலுவகிட்ட சட்டம் போட்டுட்டேன், கிளார்க்கு சாமி சாப்புடுத பக்கம் எவனும் போவப்பிடாதுன்னு. நானே கெடங்குக்குப் பொறத்தால போயித்தான் சோத்துச் சட்டியைத் தெறப்பேன். மீன் வாடை உங்களுக்கு ஆவாதுல்லா?

— அடப்பாவி மனுஷா! ஒம்போது வருஷமாவா?

— ஐய, எதுக்குக் கண்ணு கலங்குது?

— எனக்கு ஆசாரமும் இல்லை, மண்ணும் இல்லை ஓய். என் வாய் நாறறது. வந்த புதுசுலே பேசிண்டிருக்கறச்சே ஒருத்தன் மூஞ்சியைத் திருப்பிண்டான். அன்னிக்குப் போட்டேன் துண்டை. சோத்து வேளைக்கு நீங்கள்ளாம் எழுந்து போறச்சே, இவாளுக்கு நாத்தம் தாங்கலைன்னு நெனச்சேன்.

— எங்களுக்கா? கருவாட்டு மூட்டை மேல படுத்து ஒறங்குதவன் சாமி நாங்க!

— சிரிக்காதேயும். சனிக்கிழமை சாயங்காலம் ரூமுக்குப் போனா திங்கக்கிழமை வரைக்கும் நான் வாயே தெறக்கறதில்லை. என் குரல் எனக்கே அன்னியமாயிடுத்து.

— டாக்டரு என்ன சொல்லுதாரு?

— இப்பத்தான் பாத்துட்டு வெளியே இருக்கச் சொன்னார். பயோரியாவாம். நாத்தம் போகட்டும்னு செங்கல் பொடியாலே அழுத்தி அழுத்தித் தேச்சேனா, ஈறு கிழிஞ்சு கீழே எறங்கிடுத்து. பல்லோரம் காரை கட்டி, உள்ளே சீழ். சுரண்டி எடுத்தா ஆறு வாரத்துலே சரியாயிடுமாம். ஆறே வாரம்!

— முன்னாலயே காட்டியிருக்கலாம்லா.

— வாயைத் தெறந்து காட்ட வெக்கமா இருந்தது. இன்னிக்கு வலி தாங்கலை, வந்துட்டேன். உம்ம புண்ணு எத்தனை நாளா?

— ஒரு வருசம் இருக்கும். முப்பது வருசமா ஒரே கன்னத்துல பொயிலை அடக்குதேன். முதல்ல வெள்ளையா படை மாதிரி வந்துச்சு. வலி இல்ல, விட்டுட்டேன். இப்ப நாக்குக்கு ஏறிட்டு.

— யார்கிட்டயாவது சொல்லியிருக்கப்படாதோ?

— யார்ட்ட சொல்ல? எம் பொஞ்சாதி பிளாரன்ஸு போயிச் சேந்த பொறவு வீட்ல நானும் மாதா படமுந்தான். ஆமா, பையில இருக்க காயிதத்தை ஏன் பெசஞ்சிக்கிட்டே இருக்கீக?

— ராஜினாமா. நாளைக்குக் குடுத்துட்டு ஊரோட போயிடலாம்னு எழுதினேன்.

— எங்களாலயா சாமி?

— இனிமே எதுக்கு இது? இந்தாரும், கிழிச்சாச்சு.

— துண்டையும் எடுத்துட்டீக. ஒம்போது வருசத்துல இன்னைக்கித்தான் உங்க முழு மொகத்தையும் பாக்கேன்.

— நீர் இவ்வளவு பேசுவீர்னு எனக்கும் இன்னிக்குத்தான் தெரியறது.

— இன்னைக்கி யார்ட்டயாவது பேசணும்போல இருந்துச்சு சாமி.

— இன்னிக்கு மட்டும் என்ன? நாளையிலேருந்து மத்தியானம் என் பக்கத்துலேதான் உக்காரணும். மீன் இருந்தாலும் கொண்டு வாரும். நீர் பேசணும், நான் கேக்கணும். என்ன, உக்காருவீரா?

— உக்காருவேன் சாமி. ஆனா நீங்கதான் பேசணும். புதன்கிழமை மருதை ஆசுபத்திரியில வச்சு என் நாக்கை எடுத்துருவாவ.