பதினாலு நாளில் நிமிரும் கழகம்

"ஹலோ... ஸெய்னுதீன் நானாவோ? நான் தயாபரன் கதைக்கிறன். ... ஓம், ஓம், உங்கட கதிரையில இப்ப இருக்கிற தயாபரன்தான். வைச்சிராதேங்கோ! நானா, ஒரு உதைபந்தாட்டக் கழகம் எவ்வளவு பாழாப் போனாலும் பதினாலு நாளில நிமிரும். இத நான் முழுப் பொறுப்போட சொல்லுறன்."

துறைமுகக் கழகத்தின் புதிய முகாமையாளர் பழைய முகாமையாளரிடம் இதைச் சொன்னது, திருகோணமலை மைதானத்துக் கழிப்பறைச் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு. அங்கேதான் யாருக்கும் கேட்காது.

"... எத்தினையாவது நாளோ? நான் பொறுப்பெடுத்து இண்டைக்குப் பதின்மூண்டு. ... இல்ல, இன்னும் நிமிரேல்ல. ... ஓம், ரெண்டு ஆட்டமும் தோல்விதான். நாலு மணிக்கு இன்னொண்டு இருக்கு. இதுவும் போனாக் கீழ்ப்பிரிவு. கீழ்ப்பிரிவெண்டாக் கழகத்த மூடுறனெண்டு முதலாளி சொல்லிட்டார். ... ஓம், பொடியளின்ர சம்பளமும் அதோட சரி. ... இல்ல நானா, தோக்கிறதுக்கும் ஆள் காணாது. அதுதான் உங்களுக்குப் போன் எடுத்தனான்.

"... அஞ்சு பேர். ... அஞ்சுதான்! ஏழு பேராவது இல்லாட்டி நடுவர் விசில் ஊதமாட்டார். ... மிச்ச ஏழு பேரும் கிண்ணியாவில. ... பஸ் போனது! நேரத்துக்குப் போனது. பன்னிரண்டரைக்குச் சந்தியில நிண்டு, ஆளில்லையெண்டு திரும்பிட்டுது. தொழில்முறைக் கழகமெண்டா நேரம்... என்ன? இண்டைக்கோ? ... வெள்ளி. ... ஓம். ஜும்மா நேரம். ... தெரியும், தெரியும்! இந்த ஊரில பிறந்தவனுக்குத் தெரியாதோ? செவ்வாய்க்கிழமை அட்டவணைய அப்பிடியே வெள்ளிக்கும் போட்டுட்டன். நாப்பத்திரண்டு பக்கத் திட்டம் எழுதினனான், கிழமையப் பாக்கேல்ல.

"... தொழுதிட்டு வெளிய வந்தா பஸ் இல்ல. அவங்களில முனீப்தான் போன் எடுத்து, பஸ் எங்கயெண்டு கேட்டவன். நான் ஒரு வார்த்த சொல்லிட்டன். ... அதச் சொல்லத்தான் வேணுமோ? ... 'நல்ல ஆட்டக்காரன் தன்ர பாட்டில வந்து சேருவான்' எண்டு. ... அதுக்குப் பிறகு ஏழு போனும் நிப்பாட்டிக் கிடக்கு.

"நானா, நீங்கள் ஒருக்காப் போய்க் கூப்பிட்டா... கொழும்பிலயோ? மகள் வீட்டயோ? ... ஐயோ. ... ஓம், உங்களப் பற்றிச் சொன்னனான். ... ஓம், கூட்டத்திலதான். 'வீடு வீடாப் போய் ஹோர்ன் அடிக்கிறவர் முகாமையாளரில்ல, பாலர் பள்ளி வான்காரர்' எண்டு. ... ஓம், எல்லாரும் சிரிச்சவங்கள். முனீப் சிரிக்கேல்ல. ... நானா, நான் அழுதிருவன். ... பகிடியில்ல, கண் கலங்கிப் போய்த்தான் நிக்கிறன்!

"... உங்கட அந்த வான் இங்கயோ நிக்குது? சாவி காவலாளியிட்டயோ? ... ஆர் ஓட்டுறது? ... நானோ! கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டோ? ... சரி, சரி. முதல்ல முனீப்பட வீடு. அவன் ஏறினா மற்றவங்களும் ஏறுவாங்கள். வாசல்ல ரெண்டு தரம் ஹோர்ன். ... வராட்டி? ... உள்ள போய்ச் சாப்பிடவோ? நேரம் எங்க நானா? ... ஓம், ஒரு பிடியாவது. ... மன்னிப்போ? அது ஏலாது. ஒரு முகாமையாளர் ஆட்டக்காரனிட்ட மன்னிப்புக் கேட்டா, பிறகு அந்தப் பதவிக்கு என்ன... ஹலோ? நானா? ஹலோ?"

கொழும்பு வைத்துவிட்டது. மணி இரண்டு பத்து. மைதானத்தில் ஐந்து பேர் பந்தை வட்டமாக உதைத்துக்கொண்டிருந்தார்கள். வட்டத்துக்கும் ஆள் காணாது.

சீனன்குடா தாண்டும்வரை தயாபரன் அந்தப் பழைய வானை ஓட்டியபடியே திட்டத்தின் மூன்றாம் அத்தியாயத்தை மனதுக்குள் திருத்தினான். கிண்ணியாப் பாலம் வந்ததும் அதையும் விட்டுவிட்டான்.

முனீப்பின் வாசலில் வானை நிறுத்தி, மிகவும் தொழில்முறையாக, இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். எவரும் வரவில்லை. உள்ளே சாப்பாட்டுச் சத்தம் கேட்டது. படியில் ஏழு சோடிச் செருப்புகள் கிடந்தன.

கழுத்துப்பட்டியைக் கழற்றிப் பைக்குள் திணித்தான். பிறகு குனிந்து, தன் சப்பாத்தையும் கழற்றி, எட்டாவது சோடியாக ஓரத்தில் வைத்தான்.