படங்களுக்கு முடிவுத் தேதி வைத்த றோஸ்மலர் அம்மையாருக்கு ஒரு விடைமடல்

மன்னார்க் கடற்கரையில் பிறந்து, டென்மார்க்கின் பனியில் பத்தாண்டு நடந்து, இலண்டன் மாநகரின் கிங்ஸ்பரியில் குடிபுகுந்து, உலகச் சிறார் துணை நிறுவனத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பழுதறப் பணியாற்றி, அவற்றுள் ஏழாண்டுகள் அதன் தமிழ் இணையப் பக்கங்களைத் தனியொருவராய்த் தாங்கி, அறுபது அகவை நிறைந்து இன்று ஓய்வுபெற்றுச் செல்லும் திருமதி றோஸ்மலர் செபமாலைமுத்து அம்மையார் அவர்களுக்கு, அவருடைய மேசைக்கு எதிரே அமர்ந்து அவருடைய தேநீரைக் குடித்தும் அவருடைய திட்டுகளை வாங்கியும் வளர்ந்த தமிழ்ப் பிரிவுப் பணியாளர்கள் பணிவன்புடன் வாசித்தளிக்கும் மடல் இது.

பக்கம் பக்கமாய்ப் பணிசெய்த பண்பின் பெருமாட்டியே!

விடைபெறும் நாளில் வாழ்த்துவதே வழக்கம். வாயார வாழ்த்த வந்த எங்களுக்கு வார்த்தை வருகிறது, ஆனால் வெட்கமும் கூடவே வருகிறது. இந்த மடலின் முற்பகுதியைக் கேட்டுச் சிரியுங்கள். பிற்பகுதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் கடிதப் பிரிவில் சேர்ந்தீர்கள். பிள்ளைகள் எழுதும் கடிதங்களை மொழிபெயர்த்து, பிள்ளைகளுக்குப் பணம் அனுப்பி உதவுவோருக்கு அனுப்புவது அப்போது உங்கள் வேலை. இரண்டாயிரத்தில் நிறுவனம் தமிழிலும் இணையப் பக்கம் திறந்தபோது, கணினியை நிறுத்துவதற்குக்கூடத் துணைக்கு ஆள் தேடிய உங்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஆறே மாதத்தில் நீங்கள் எங்களுக்குப் பாடம் எடுத்தீர்கள்! பாமினி எழுத்துருவில் கிடந்த நானூற்றுச் சொச்சம் பக்கங்களை, படிப்போர் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தெரிகின்றன என்ற ஒரே காரணத்துக்காக, ஒவ்வொன்றாய் யூனிகோடுக்கு மாற்றினீர்கள். மாற்றியதை நம்பாமல் அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் மறுபடி திருத்தினீர்கள். காகிதத்தைச் சேமிப்போம் என்ற அறிவிப்பு அச்சுப்பொறிக்கு மேலேயே தொங்கியது. அதிலும் ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டுத்தான் அச்செடுத்தீர்கள்.

சொல்லிலே சுத்தம் காத்த தூயவரே!

'பரிதாபத்துக்குரிய', 'அநாதரவான', 'கண்ணீர் வடிக்கும்' என்ற அடைமொழிகள் உங்கள் மேசையைத் தாண்டியதில்லை. எங்களுள் ஒருவரான யோகராஜா ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு தலைப்பில் மூன்றையும் ஒன்றாய்ப் போட்டார். "தம்பி, இந்தப் பிள்ளைக்கு ஒரு பேர் இருக்கு. முதல் அதை எழுதும். மிச்சத்தை வாசிக்கிற ஆக்கள் விளங்கிக்கொள்ளுவினம்" என்றீர்கள். அன்று முதல் அவர் அடைமொழி எழுதுவதையே விட்டுவிட்டார். இன்றும் பிறந்தநாள் வாழ்த்துக்கூட வெறும் பெயரோடுதான் எழுதுகிறார்.

ஆனாலும் அம்மையாரே, உங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றே ஒன்று வாய்த்தால் நாங்கள் முடிவுத் தேதியைத்தான் சொல்வோம்.

இணையத்தில் ஒரு படத்தை ஏற்றும்போது, அது எந்த நாளோடு பார்வையிலிருந்து விலகவேண்டும் என்று குறிக்க ஒரு கட்டம் உண்டு. எல்லாப் பிரிவினரும் அதை வெறுமையாய் விட்டுவிடுவார்கள். நீங்கள் மட்டும் ஒரு பிள்ளையின் படத்தைக்கூடத் தேதியில்லாமல் ஏற்றியதில்லை. பெற்றோருக்குக் கடிதம் எழுதுவீர்கள், எதுவரை வைத்திருக்கலாம் என்று கேட்பீர்கள், பதில் வரும்வரை படம் காத்திருக்கும். குறித்த நாள் வந்ததும் படம் தானாக விலக, அந்த இடம் வெறுஞ்சட்டமாய் நிற்கும். பக்கம் மொட்டையாகிவிட்டதென்று நாங்கள் முணுமுணுப்போம். புதிதாய் ஒரு நல்ல படம் கிடைத்ததென்று துள்ளிக்கொண்டு வந்தால், படத்தைப் பார்க்குமுன்னரே உங்கள் கேள்வி வரும்: "தாயிட்டைக் கேட்டனீங்களோ?"

எத்தனை முறை அந்தக் கேள்விக்கு எங்களுக்குள் கண்ணைச் சிமிட்டிச் சிரித்திருப்போம்! எங்கள் சுலோச்சனா அதை உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்.

இனி வாசிப்பதற்கு, சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுவிட்டோம். இந்த மடலில் ஒரு பிள்ளை வருகிறாள். போன வாரம் ஸ்ட்ரெதமில் அவளுடைய வீட்டுக்குப் போய், எழுதியதை அவளிடமும் தாயிடமும் கொடுத்தோம். அவள் இரண்டு வரிகளை வெட்டினாள். "என்ரை பேர் வேண்டாம். மிச்சத்தை வாசியுங்கோ. அன்ரி செய்யேல்லை எண்டு ஆக்களுக்குத் தெரியட்டும்" என்றாள். ஆகவே அவளுடைய பெயர் இங்கே இல்லை. படத்தில் என்ன இருந்தது என்பதும் இல்லை. எட்டு வயதில், மன்னாரில் ஓர் அகதி முகாமில் எடுத்த படம் என்பது மட்டும் போதும்.

அந்தக் குடும்பம் இலண்டனுக்கு வந்த இரண்டாயிரத்து மூன்றில், படத்தை எடுத்துவிடும்படி தாய் எழுதினார். அன்றைய தினத்தையே முடிவுத் தேதியாக்கி, எடுத்துவிட்டோம் என்று உங்கள் கைப்படப் பதில் போட்டீர்கள். பார்ப்போர் கண்ணிலிருந்து படம் விலகியது. ஆனால் எங்கள் சேமிப்பில் பழைய படங்களோடு படமாய் அதுவும் கிடந்தது.

இரண்டாயிரத்து ஏழு ஜூலையில், கோவிற்பற்று மக்களோடு வோல்சிங்கம் ஊரிலுள்ள மாதா கோவிலுக்கு யாத்திரை போக நீங்கள் விடுப்பு எடுத்தீர்கள். அந்த வெள்ளிக்கிழமை நண்பகலில், பிள்ளைகளுக்குப் புத்தகப்பை வாங்க நிதி கேட்கும் வேண்டுகோள் முகப்புப் பக்கத்துக்கு வரவேண்டியிருந்தது. வரவேண்டிய புதுப்படங்கள் வந்து சேரவில்லை. மனத்தைத் தைக்கிற படமாய் ஒன்று வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள்.

இதுவரை 'நாங்கள்', 'எங்கள்' என்றே வாசித்துவந்தேன். பாராட்டு மடலுக்கு அதுதான் முறை. ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல்லுக்குள் நான் ஒளிந்துகொள்ளக் கூடாது. சேமிப்பைக் கிளறி அந்தப் படத்தை எடுத்தவன், இதை எழுதி உங்கள் முன் நின்று வாசிக்கும் நிர்மலன். தேதி கடந்த படத்தை ஏற்ற முடியாதென்று கணினி மறுத்தது. தேதியை மாற்றும் அதிகாரம் என் பெயருக்கு இல்லை, உங்கள் பெயருக்கு இருந்தது. ஏதும் அவசரமென்றால் வேலை நிற்கக் கூடாதென்று உங்கள் கடவுச்சொல்லை என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தீர்கள். உங்கள் பெயரில் உள்ளே போய், இரண்டாயிரத்து மூன்று என்றிருந்ததை இரண்டாயிரத்துப் பதின்மூன்று ஆக்கினேன். தாயிடம் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு மணி ஆகிறதே என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை, தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் படிக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் காலை ஒன்றுகூடல். மாணவர்கள் உதவப்போகும் நிறுவனம் இதுவென்று எங்கள் முகப்புப் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள். பதினேழு வயதில் அந்தப் பிள்ளை அதே மண்டபத்தில் இருந்தாள். படத்துக்குக் கீழே அவளுடைய பெயரும் இருந்தது.

மறுநாள் தாய் அலுவலகத்துக்கு வந்தார். யாத்திரை முடிந்து வந்த களைப்போடு வரவேற்புக்கூடத்துக்கு இறங்கிப் போனீர்கள். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன். "அக்கா, எடுத்துவிட்டம் எண்டு நீங்கள்தானே கடிதம் போட்டனீங்கள்? உங்களை நம்பித்தானே இருந்தனான்? இப்ப என்ரை பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அறைக்குள்ளை பூட்டிக்கொண்டு இருக்கிறாள்." நீங்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மேலே வந்து என்னைப் பார்த்து, "போய் அந்தப் படத்தை முதல் இறக்கும்" என்றீர்கள். யார் செய்தது என்று நீங்கள் கேட்கவில்லை. என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும்.

புதன்கிழமை விசாரணை. கணினிப் பதிவேட்டில் உங்கள் பெயர். யாத்திரையில் இருந்தவர் எப்படித் தேதியை மாற்றினார் என்று இயக்குநர் அம்மையார் கேட்டார். "கடவுச்சொல்லைக் கொடுத்தது நான். கொடுக்கக் கூடாது எண்டு விதி இருக்கு. அப்ப பிழை என்ரைதான்" என்று சொல்லி, அதையே ஆங்கிலத்திலும் சொன்னீர்கள். யாரிடம் கொடுத்தீர்கள் என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் வாய் திறக்கவில்லை. நான் உங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தேன். என் தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அது காரணம்தான், நியாயம் அல்ல. சுலோச்சனாவும் யோகராஜாவும் அறிந்திருந்தார்கள். அவர்களும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் கோப்பில் எச்சரிக்கைக் கடிதம் ஏறியது. முகப்புப் பக்கம் உங்கள் கையைவிட்டுப் போனது. ஏழாண்டு பாடுபட்டு எழுப்பிய தளத்தில், அறுந்துபோன இணைப்புகளைத் தேடிக் குறித்துக் கொடுக்கும் வேலையே உங்களுக்கு மிஞ்சியது. அதையும் அச்செடுத்துச் சிவப்புப் பேனாவால் செய்தீர்கள்! வேறு தளங்கள் பிரதியெடுத்து வைத்திருந்த அந்தப் படத்தை அகற்றக் கேட்டு முப்பத்தேழு இடங்களுக்கு எழுதினீர்கள். முப்பத்தாறு இடங்கள் அகற்றின. ஒன்று இன்னும் பதில் தரவில்லை. சனிக்கிழமைகளில் ரயில் மாறி ஸ்ட்ரெதமுக்குப் போய் அந்தப் பிள்ளையோடு இருந்துவிட்டு வந்தீர்கள் என்பதே போன வாரம் தாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. வேறிடத்தில் ஓராண்டு பிந்திப் படிக்கிறாள். அந்த ஓராண்டை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியாது.

பழியைப் பகிராமல் சுமந்த பெருந்தகையே!

இந்தப் பதினைந்து மாதமும் என்னோடு நீங்கள் பேசாமல் இருந்திருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும். நீங்களோ காலையில் "தம்பி, சாப்பிட்டனீரோ?" என்று கேட்டீர்கள். எனக்கு நிரந்தர நியமனம் கிடைத்த அன்று கைகொடுத்து வாழ்த்தினீர்கள். அந்தக் கையைப் பிடித்தபோது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு முகப்புப் பக்கம் என் பொறுப்புக்கு வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

நேற்று அலுவலகத்தில் கேக் வெட்டுமுன், நாங்கள் மூவரும் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை இயக்குநர் அம்மையாரிடம் கொடுத்தோம். ஓய்வுபெற்றுப் போகிறவருக்கு இதனால் இனி என்ன பயன் என்று அவர் கேட்டார். உங்கள் கோப்பை மூடுமுன் அதில் உண்மை இருக்கவேண்டும் என்றோம். திங்கட்கிழமை பேசலாம் என்றார். என் வேலை இருக்குமோ தெரியாது. உங்கள் கோப்பில் என் பெயர் சேரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

இங்கே உங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அம்மையாரே. பொன்னாடை போர்த்தி மாலையிட்டு, இத்தனை பேர் முன்னால் இருத்திவைத்துக் கேட்டால், "அது பரவாயில்லை, தம்பி" என்றுதான் நீங்கள் சொல்லவேண்டி வரும். இன்னுமொரு முறை என்னைக் காப்பாற்றும் வேலையை உங்களுக்குத் தரமாட்டேன். நாளை பூசை முடிந்து நீங்கள் வீட்டுக்குப் போனபின் தனியே வந்து கேட்பேன். இல்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவேன்.

உடல் நோகாமல், கண் மங்காமல், யாருக்கும் பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லாமல், விரும்பிய நேரம் எழுந்து விரும்பிய நேரம் உண்டு, உங்கள் நாயகி மாதாவின் துணையோடு நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும் என்று இறைஞ்சுகிறோம். இதற்கு முன் வாசித்த மடல்களில் 'பணியாளர்கள்' என்று ஒரே சொல்லில் கையொப்பமிட்டோம். இம்முறை அப்படியில்லை.

இப்படிக்கு,

உங்கள் பெயரில் தேதியை மாற்றியவன்,
நிர்மலன்

அறிந்தும் வாய் திறவாதிருந்தவர்கள்,
சுலோச்சனா
யோகராஜா

கிங்ஸ்பரி, இலண்டன்
சனிக்கிழமை, 25 ஒக்ரோபர் 2008