மத்தியானத்தில் காணாமல் போன சூரியன்

ஏனாத்தூர் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் லேப்டாப் வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“மத்தியானம் பன்னெண்டு மணிக்கு சூரியன் தரைக்கு அடியில இருக்குதுடி!”

பக்கத்தில் டிபன் கேரியரோடு நின்றிருந்த ஓர் அம்மா குனிந்து வானத்தைப் பார்த்தார்.

“இன்னைக்கு ப்ராஜெக்ட் ரிவ்யூ. சோலார் பேனல எந்தப் பக்கம் சாய்க்கணும்னு காட்டணும். என் ப்ரோக்ராம் போட்ட இந்த விடைய காட்டினா சார் ஃபெயில் ஆக்கிடுவாரு.”

“அழாதபா. சைனுக்கு என்ன குடுத்த?”

“கோணந்தான். டிகிரில.”

“லூசு! அதுக்கு டிகிரி தெரியாது, ரேடியன் அளவுதான் புரியும். வருஷம் பூராவுக்கும் கோணம் ஒரே வரிசையா இருக்குது இல்ல? மொத்தத்தையும் ஒரே வரியில ரேடியனா மாத்திட்டு அப்புறம் சைன் போடு.”

“எதுலமா சைன் போடணும்? பேனா வேணுமா?” என்றார் அந்த அம்மா.

“கையெழுத்து இல்லக்கா, இது கணக்கு!”

லேப்டாப்காரி ஒரு வரி தட்டினாள். பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் விடை வந்துவிட்டது.

“ஏய், சூரியன் மேல வந்துடுச்சுடி! அத்தனை கணக்கும் அதுக்குள்ள முடிஞ்சுது. ரொம்ப தேங்க்ஸ்டி.”

“எனக்கு எதுக்கு? இந்தக் கணக்கு போடற லைப்ரரி ப்ரோக்ராம எழுதி சும்மாவே குடுத்துட்டாங்களே, அவங்களுக்குச் சொல்லு.”

“யாருமா அவங்க, உங்க சாருங்களா?”

“தெரியாதுக்கா. யாரோ எங்கியோ உக்காந்துக்கினு எல்லாருக்கும் சேத்து எழுதி வெச்சிருக்காங்க.”

“யாரா இருந்தா என்ன,” என்றார் அந்த அம்மா. “பிள்ளகுட்டியோட நல்லா இருக்கட்டும்.”