ஒச்சாயி எண்ணெய் ஊத்துன கெணறு

இந்தப் பக்கம் ரோடே வராத காலம். நரிப்பாறைப்பட்டின்னு ஒரு ஊரு. அந்த ஊருக்கு ஒச்சாயின்னு ஒருத்தி வாக்கப்பட்டு வந்தாளாம்.

அவ மாமனாரு பெரியமாயன். மழை தண்ணியில்லாம ஊருணி வத்திப்போனப்ப, கொல்லையில பாறைய ஒடைச்சு ஒடைச்சுக் கெணறு வெட்டுன மனுசன். தண்ணின்னா தண்ணி, அம்புட்டுத் தெளிவாம். தெருவே வந்து மொண்டுச்சு. பெறகு மழை பேஞ்சு ஊருணி நெறைஞ்சும் அங்கிட்டு ஒருத்தரும் போகல. கலங்கத் தண்ணிய யாரு சொமப்பா? கெழவருக்குக் காலு தரையில பாவல.

ஒச்சாயிக்கு மூத்தவன் தவசி. அவன் உள்ளங்கை மொதல்ல சொரசொரன்னு ஆச்சாம். பெறகு அரிசி அரிசியாத் தடிச்சுச்சாம். நெஞ்சுல தூறல் விழுந்த மண்ணு மாதிரி கறுப்புப் புள்ளி. சோறு எறங்கல. வைத்தியர் வந்து பாத்தாரு. "ரத்தக்கேடு. தண்ணியச் சுண்டக் காச்சிக் குடு தாயி"ன்னாரு. பெத்தவ சும்மா இருப்பாளா? ஒரு பானைய அரைப் பானையாக் காச்சுனா. காச்சக் காச்சப் பய மோசமாப் போனான்.

ஒச்சாயி கையிலயும் லேசா அதே தடிப்பு. அந்தக் கையோட ரெண்டாவது பேறுகாலத்துக்குத் தாய்வீடு போனா. தவசிய மாமனாரு விடல, வைத்தியம் கெட்டுருமாம். அங்க இருந்த அஞ்சாறு மாசத்துல இவ கையில இருந்த தடிப்பு உதுந்துபோச்சாம். திரும்பி வந்தா, மறுபடியும் சொரசொரப்பு. தொட்டில்ல இப்ப பச்சப்புள்ள வேற. அது கையப் பிரிச்சுப் பாப்பா, மூடுவா, திரும்பப் பிரிச்சுப் பாப்பா. அங்கயும் இதே கம்மங்கஞ்சி, இதே வேலை. தண்ணி ஒண்ணுதானே வேற?

"மாமா, அந்தக் கெணத்துத் தண்ணி வேணாம் மாமா."

"ஏன்? புழு நெளியுதா?"

"இல்ல மாமா."

"நாறுதா? கசக்குதா?"

"இல்ல மாமா."

"அப்பறம் என்னத்தக் கண்ட நீ?"

புருசன்காரன் அப்பனுக்கு முன்னால வாயத் தொறக்காத ஆளு. நாறாம, கசக்காம இருக்குறதுதான் வெனைன்னு ஒச்சாயிக்குப் பட்டுச்சு. வீட்டுல ஒரு மொடா வேப்பெண்ணெய் ஆட்டி வச்சிருந்தாக. எல்லாரும் காட்டுக்குப் போன நேரம் பாத்து, அம்புட்டையும் கெணத்துல கவுத்துட்டாளாம்.

தெருவே கூடிருச்சு. "எந்தப் பாவி செஞ்ச வேலை?"

"நாந்தேன்."

கெணறு தெளியுற வரைக்கும் தெருவுக்கே நீதேன் ஊருணித் தண்ணி சொமக்கணும்னு கூட்டத்துல சொல்லிட்டாக. சொமந்தா. வசவையும் வாங்கிக்கிட்டுச் சொமந்தா. வாடை கொறைஞ்சா தாய்வீட்டுல இருந்து எண்ணெய் வாங்கியாந்து, ஆளில்லாத நேரம் மறுபடியும் ஊத்துவா. இடுப்பு ஒடிய ஒடியச் சொமந்தா. தவசி என்னைக்குக் கண்ண மூடுவானோங்குற பயத்துலயே பங்குனி போயி ஆடி வந்துச்சு. ஒருநா அவனா வந்து, "ஆத்தா, கஞ்சி இருக்கா?"ன்னு கேட்டானாம். அம்புட்டு வசவுக்கும் அழாதவ அன்னைக்குத்தேன் அழுதாளாம்.

பெரியமாயன் மட்டும் வீம்ப விடல. எண்ணெய வெலக்கி வெலக்கி அந்தத் தண்ணியவே குடிச்சாரு. காலுல ஆறாத புண்ணு வந்து படுத்துட்டாரு. ஒருநா பேரன் கையப் புடிச்சுத் தடவிப் பாத்தாராம். தன் கையையும் தடவிப் பாத்தாராம். பேரன் கை வழுவழுன்னு இருந்துச்சு, அவரு கை சொரசொரன்னு.

"ஒச்சாயி, எண்ணெய எடுத்துட்டு வா. என்னையக் கெணத்தடிக்குத் தூக்குங்க."

தான் வெட்டுன கெணத்துல தானே ஊத்துனாராம்.

இப்பத்தேன் படிச்சவுக வந்து தண்ணிய எடுத்துப் பாத்து, பாறையில இருந்து ஆர்சனிக்குன்னு ஒரு நஞ்சு எறங்குது, காச்சுனாலும் போகாது, சுண்டச் சுண்டக் கூடத்தேன் செய்யும்னு சொன்னாக. மாடு கழுவ, மண்ணு கொழைக்கத்தேன் அந்தத் தண்ணி. ஆடி மொத வெள்ளி அந்த வீட்டு மூத்த ஆம்பள எண்ணெய ஊத்துவாரு. அவருக்குப் பின்னால வீட்டுக்கு ஒரு கரண்டி. வெளியூர்க்காரவுக சிரிப்பாக, கெட்ட கெணத்த வருசா வருசம் கெடுக்குறீகளேன்னு. சிரிக்கட்டும். வாடை போயிருச்சுன்னா, எந்தத் தாயாச்சும் தெரியாம அவ புள்ளைக்கு ஒரு வாய் குடுத்துருவாளே.