நான்கு மூட்டை கலப்பு நெல்

1996ஆம் வருடம் செப்டம்பர் மாதம், நீதித்துறை நடுவர் முன்பு, உறுதிமொழி எடுத்துக்கொண்ட பின் சாட்சி சொன்னது:

என் பெயர் கமருன்னிஸா. வயது எழுபத்தொன்று. கணவர் நெய்னா முகம்மது காலமாகிவிட்டார். கும்பகோணம் வட்டம், மேலச்செம்படுகை கிராமத்தில் சொந்த வீட்டில் குடியிருக்கிறேன். கன்னியர் மடப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். தமிழும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியும். எழுதியதை நானே படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்று முதலிலேயே தெரிவித்துக்கொண்டேன்.

என் கணவர் நடத்திய அரிசி மில் அவர் இறந்த பிறகு ஓடவில்லை. அதன் உலர்களத்தை மட்டும் பெருக்கிச் சுத்தமாக வைத்திருக்கிறேன். ஊருக்குப் பொதுவாக ஒரு களம் உண்டு. அது சர்க்கார் புறம்போக்கு. மிராசுதார் குஞ்சிதபாதம் அதற்கு வேலி போட்டுத் தென்னை வைத்துவிட்டதால், தெற்குத் தெரு ஆட்கள் தங்கள் கூலி நெல்லைத் தார் ரோட்டில் காய வைத்து வந்தார்கள். பஸ் சக்கரத்துக்குத் தப்பியதைத்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு என் உலர்களத்தைத் திறந்துவிட்டேன்.

இந்தத் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. குஞ்சிதபாதம் தன் வண்டிக்காரர் மனைவியை நிறுத்தி, டெபாசிட்டையும் தானே கட்டினார். தெற்குத் தெருவில் நடவு வேலை செய்யும் பொன்னுத்தாய், பொதுக்களத்தை மீட்பேன் என்று சொல்லித் தானும் நிற்பதாக அறிவித்தார். நான் அவரைக் கூப்பிட்டு, டெபாசிட்டும் நோட்டீஸ் செலவும் நான் தருகிறேன் என்றேன். அதற்கு அவர், "கோவிச்சுக்காதீங்க பீவிம்மா. அந்தப் பொண்ணுக்கு ஆண்டை கட்டுறாரு. எனக்கு நீங்க கட்டுனா, நாளைக்கு ஒரு கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி நான் ஒங்க மொகத்தத்தானே பாக்கணும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவர் சொன்னது சரி.

அதன் பிறகு தெற்குத் தெருவில் கூடிப் பேசி, பம்புசெட் குறுவை அறுத்த கூலியில் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் போட்டு, அதை விற்று டெபாசிட் கட்டுவது என்று முடிவு செய்தார்கள். என் பங்காகவும் ஒரு மரக்கால் மட்டுமே வாங்கிக்கொள்ள பொன்னுத்தாய் சம்மதித்தார். பெருநாள் பிரியாணிக்காக நான் வெளியூரிலிருந்து வாங்கி வைத்திருந்த சீரகச் சம்பா நெல்லில் ஒரு மரக்கால் அளந்து கொடுத்தேன். தனியாக இருக்கும் கண்ணாத்தாள், அறுவடைக்குப் போக முடியாதவர், கோழிக்கு வைத்திருந்த, பாதி பதரான கருக்காய் நெல்லைக் கொண்டுவந்தார்.

குண்டு நெல், சன்ன நெல், போன வருடத்துச் சம்பா எல்லாவற்றையும் என் களத்தில் ஒரே அம்பாரமாகக் கொட்டினார்கள். அதைப் பார்த்து நான் சத்தம் போட்டேன். "ரகம் ரகமாத் தனியாக் கொட்டச் சொன்னேனே! கலப்பு நெல்ல எந்த வியாபாரி வாங்குவான்? பாதி வெலதான் குடுப்பான்" என்றேன். பொன்னுத்தாய், "தனித்தனியாக் கொட்டுனா எந்த வூட்டு நெல்லு நல்லது, எது கோழி நெல்லுன்னு தெரிஞ்சுபோவும் பீவிம்மா. ஒண்ணாவே கெடக்கட்டும்" என்றார். கண்ணாத்தாள் அப்போது பக்கத்தில் நின்றார். நானே விளக்குமாற்றை எடுத்து, சிதறிய நெல்லை அம்பாரத்தோடு கூட்டித் தள்ளினேன்.

அந்த நேரத்தில் குஞ்சிதபாதத்தின் காரியஸ்தர் ரெத்தினம் சைக்கிளில் வந்து வாசலில் காலை ஊன்றி, "என்ன பீவிம்மா, பிரியாணி ஆக்கிப் போட்டு ஓட்டு வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆக்குனா ஒங்களுக்கும் ஒரு தட்டு உண்டு. ஒங்க மொதலாளிக்கிட்ட கேட்டுட்டு வந்து சாப்புடுங்க" என்றேன். களத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் போய்விட்டார்.

நெல்லை நான்கு மூட்டையாகக் கட்டினார்கள். மறுநாள் காலையில், பொன்னுத்தாயின் கணவர் மருதையன் அவற்றை வண்டியில் ஏற்றும்போது போலீசார் வந்து, மூட்டைகளையும் அவரையும் கொண்டுபோனார்கள். கிழக்கு வயலில் அறுத்து வைத்த ஐ.ஆர். ஐம்பது நெல் நான்கு மூட்டை திருடு போனதாக ரெத்தினம் புகார் கொடுத்திருக்கிறார் என்று சொன்னார்கள். அதன் பிறகு நான் டவுன் பஸ்ஸில் நிலையத்துக்குப் போய், மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள் என்று கேட்டேன். எழுத்தர், "நெல்லு நெல்லுதாம்மா. அதுல பாக்க என்னா இருக்கு?" என்றார். அவர் வீட்டில் சோறு யார் ஆக்குகிறார்கள் என்று கேட்டேன். சப்-இன்ஸ்பெக்டர் எனக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. எதுவானாலும் கோர்ட்டில் சொல்லும்படி சொன்னதால் இங்கே வந்தேன்.

இந்த இடத்தில் நடுவர் உத்தரவின்படி ஒரு மூட்டை அவிழ்க்கப்பட்டது. நான் கொண்டுவந்த வெள்ளைத் துணியில் அதிலிருந்து நெல் கொட்டப்பட்டது. நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பது ஐ.ஆர். ஐம்பது, அது பலருக்குக் கூலியாகக் கிடைத்தது. குட்டையாகப் பருத்திருப்பது குண்டு நெல். நிறம் மங்கியது பழைய சம்பா. ஊதினால் பறப்பது கண்ணாத்தாளுடையது. சீரகம் போலச் சின்னதாக இருப்பது என்னுடையது. எங்கள் ஊரில் எந்த வயலிலும், குஞ்சிதபாதம் வயலிலும், சீரகச் சம்பா போட்டதில்லை. ஒரு வயலில் அறுத்த நெல் இப்படி இருக்காது. மருதையனை விட்டுவிட வேண்டும். மற்ற மூன்று மூட்டைகளையும் அவிழ்த்துப் பார்க்கலாம். கலக்கக் கூடாது என்று நான் சத்தம் போட்டது தவறு.

வேட்புமனு கொடுக்க நாளை கடைசி நாள். இன்றைக்கே நெல்லை விற்றால்தான் டெபாசிட் கட்ட முடியும். வியாபாரி விலை குறைப்பார். குறைத்தாலும் அது அவர்களுடைய பணம்.

நான் கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதால் நெல்லை என் பெயரில் விடுவிக்கலாம் என்று சொல்லப்பட்டது. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. இதில் ஒரு மரக்கால் மட்டுமே நான் கொடுத்தது. பொன்னுத்தாய் வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அவரை உள்ளே கூப்பிட்டு, நாற்காலி கொடுத்து, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு நெல்லை அவரிடம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் நான் கண்ணால் கண்டதும் என் வாயால் சொன்னதும் ஆகும். படித்துப் பார்த்தேன். "ஏழை மக்கள் மீது இரக்கப்பட்டு" என்று கோர்ட் எழுத்தர் சேர்த்திருந்ததை நான் சொல்லவில்லை. அதை அடிக்கச் சொன்னேன், அடிக்கப்பட்டது. மற்றதெல்லாம் உண்மை.

(ஒப்பம்)
நெ. கமருன்னிஸா