சிரிக்க வேண்டிய இடம்

— மன்னிப்பெல்லாம் கேக்க முடியாதுக்கா. கம்பெனி அதுக்குத்தான் உன்னை அனுப்பியிருக்குன்னா, வந்த ரயில்லயே திரும்பிப் போயிடு.

— நான் இன்னும் உக்காரவே இல்ல, தான்பி.

— உக்காரு. அந்த முக்காலி வேணாம், கீரைத் தண்ணி சொட்டியிருக்கு. இந்தப் பக்கம் வா. அம்மா! யாரு வந்திருக்காங்கன்னு பாரு. எங்க பாட்டுக் குழுத் தலைவி. தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கிட்டு, பேங்க்ல கொள்ளையடிக்க வந்த மாதிரி நிக்கிறாங்க.

— அடி, வாயைக் கொஞ்சம் மூடு. வா இன்ஹா, வா கண்ணு. முகமூடியைக் கழட்டு, மத்தியானக் கூட்டம் போயாச்சு, இங்க யாரும் இல்ல. அய்யோ, என்னத்த சொல்ல! என்னம்மா இப்படி எலும்பா ஆயிட்டே? அமெரிக்காவுல சோறு போடலையா உங்களுக்கு?

— போட்டாங்கம்மா. நாங்கதான் தொடக் கூடாது.

— இந்தா கிம்பாப், கடற்பாசியில சோத்தை வெச்சுச் சுருட்டினது. முள்ளங்கி ஊறுகாய் இதோ. ஒரு துண்டு மிச்சம் வெச்சாலும் விட மாட்டேன்.

— இதெல்லாம் இவ சுருட்டினதா?

— நான்தான் சுருட்டினேன். ஏன்க்கா அப்படிப் பாக்குறே? இந்த வேலை நல்லா இருக்கு. சோத்தைப் பரப்பும்போது எவனும் வந்து ‘இன்னும் அழகா சிரி’ன்னு சொல்றதில்ல.

— முதல்ல கேளு தான்பி. மன்னிப்பு கேக்கச் சொல்லி என்னை யாரும் அனுப்பல.

— அப்ப என்னதான் வேணுமாம் நம்ம கம்பெனி தக் மேனேஜருக்கு?

— அதைச் சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா.

— பார்லித் தண்ணி இருக்கு, குடி. இன்ஹா, நீயாவது சொல்லும்மா. இவ வந்ததுலேருந்து கேக்குறேன், வாயே திறக்க மாட்டேங்கிறா. டிவியில அந்த ஒரு துண்டைத்தான் போட்டுப் போட்டுத் தேய்க்கிறான். கோட்டுப் போட்ட அந்தப் பேட்டிக்காரன் பல்லைக் காட்டுறான், இவ எந்திரிக்கிறா, மைக்கைக் கழட்டி மேசை மேல வைக்கிறா, இங்கிலீஷ்ல பேசுறா, போயிடுறா. அதுக்கு முன்னாடி அவன் என்ன சொன்னான்னு கேட்டா, ‘அநாகரிகமான கிண்டல்’னு எழுத்துப் போட்டுட்டு விட்டுடுறான்.

— அதை எதுக்கும்மா இப்பக் கேக்குறே?

— பெத்தவ நான் கேக்காம? பழக்கடைக்காரி தினம் வந்து ‘உங்க பொண்ணாலதான் நம்ம நாட்டுக்கே அமெரிக்காவுல கதவு சாத்திடுச்சாமே’ங்கிறா. ஒரு நாள் அவ தர்பூசணியை எடுத்து அவ தலையிலயே போடப் போறேன்.

— கதவு சாத்தலம்மா.

— பாத்தியா, அக்கா சொல்லிட்டாங்க. நாம இன்னும் அமெரிக்காவுல ஜெயிக்கலாமாம். ச்சீ! அந்த வார்த்தையே காதுல விழக் கூடாது எனக்கு.

— ஏன் விழக் கூடாது? எதுக்காக இத்தனை வருஷம் வேர்வை சிந்தினோம்? நம்மளால அங்க நிக்க முடியும் தான்பி. சிகாகோவுல அந்த அரங்கம் நிரம்பலையா? நம்ம பாட்டை நம்ம மொழியிலயே அத்தனை பேரும் பாடலையா? அது பொய்யா?

— பொய்யில்ல. அந்தப் பிள்ளைங்க ஒண்ணும் பொய்யில்ல. நாமதான் பொய். உனக்கு மறந்து போச்சா, அங்க போறதுக்கு முன்னாடி என்னை எந்த அறையில உக்கார வெச்சாங்கன்னு?

— எந்த அறையில? இது எனக்குத் தெரியாதே.

— நீ கேட்டா அடுப்பை அணைச்சுட்டு அழுவேன்னுதான் சொல்லலம்மா. ஒரு வாத்தியார் வந்தாரு. இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க இல்ல, மறக்கடிக்க. எங்க தடுமாறணும், எந்த வார்த்தையைத் தப்பாச் சொல்லணும், தப்பு பண்ணிட்டு எப்படி வாயைப் பொத்திக்கணும், எல்லாம் பாடமா நடந்துச்சு.

— அடப்பாவிகளா! முன்னாடி நாங்க வெளிநாட்டுல, ஆக்லாந்துல இருந்தப்ப, எங்க மீன் கடையில நின்னுக்கிட்டு, வெள்ளைக்காரப் பசங்க ஒண்ணு சொன்னா ஒன்பதா திருப்பிக் கொடுத்தவ இவ. பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டியில கோப்பை வாங்கினவ. டிவியில வந்து ‘ஐ லைக் பர்கர்’னு மழலை பேசுறதைப் பாத்துட்டு, இவ மூளைக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நான் கோயில்ல போய் விளக்கேத்தினேன் தெரியுமா?

— அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சும்மா. ஒருத்தி மட்டும் சரளமாப் பேசினா குழுவோட அழகு குலைஞ்சிடும்னு அங்க உள்ள ஆளுங்க சொன்னாங்க.

— அழகில்லக்கா, பொம்மை பேசிடுச்சுன்னா பயந்துடுவாங்கன்னு சொன்னாங்க. வார்த்தையை மாத்தாதே.

— சரி, அப்படியே சொன்னாங்க. உள்ள நுழையற வரைக்கும்தானே? நுழைஞ்சுட்டா நம்ம இஷ்டத்துக்குப் பாடலாம், பேசலாம்.

— எப்போ? பல்லெல்லாம் கொட்டினப்புறமா? நமக்கு முன்னாடி போன ஒவ்வொரு குழுவும் இதைச் சொல்லிக்கிட்டுத்தான் விமானம் ஏறினாங்க. அக்கா, நீ அன்னிக்கு அந்த நடைபாதையில இல்ல. இருந்திருந்தா இப்படிப் பேச மாட்டே.

— எந்த நடைபாதை?

— சிகாகோவுல, கச்சேரி முடிஞ்சு மேடைக்குப் பின்னாடி நான் ரசிகருங்களைச் சந்திச்சேனே. கனமான கண்ணாடி போட்ட ஒரு பொண்ணு வந்தா. நம்ம குழுவுல சின்னவ சேரின் வயசுதான் இருக்கும். நம்ம மொழியில வணக்கம் சொன்னா, ‘ரொம்ப நன்றி’ன்னு சொன்னா, பயிற்சி பண்ணிட்டு வந்திருக்கான்னு தெரிஞ்சுது. அதுக்கு மேல வார்த்தை வரல. உடனே இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா. அவ அண்ணன் செத்துட்டானாம். ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் நம்ம பாட்டைத்தான் கேட்டாங்களாம். அவனால எந்திரிக்க முடியாதுன்னு, படுத்தபடியே கையால மட்டும் நம்ம ஆட்டத்தை ஆடுவானாம். ‘நான் சொல்றது உங்களுக்குப் புரியாதுன்னு தெரியும், ஆனாலும் உங்க முகத்தைப் பாத்துச் சொல்லணும்னு இருந்துச்சு’ன்னா.

— அய்யோ, பிள்ளை.

— எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரியுதும்மா! அவ பின்னாடி கேமரா. கேமராவுக்குப் பக்கத்துல தக் மேனேஜர், வாயைப் பொத்திக்கிற மாதிரி சைகை காட்டுறாரு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? ரெண்டு விரலைக் காட்டிச் சிரிச்சுட்டு, ‘ஐ லைக் பீட்சா’ன்னேன்.

— தான்பி...

— அவ சிரிச்சாக்கா. மரியாதைக்குச் சிரிச்சுட்டு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே போனா. அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் பல்லு தேய்ச்சேன். வாயில நாத்தம் போகவே இல்ல. என் மேலயே எனக்கு வந்த அருவருப்பு வேற எவன் மேலயும் வந்ததில்ல.

— இதை ஏன் என்கிட்ட அப்பவே சொல்லல?

— சொல்லி? மறுநாளே அந்த டிவி நிகழ்ச்சி. அஞ்சு பேரும் வரிசையா சோபாவுல, பொம்மைக் கடை மாதிரி. அம்மா, கேட்டியே, அவன் என்ன சொன்னான்னு. இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ. எங்களைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, கூட்டத்தைப் பாத்து வேகமா சொன்னான்: ‘இதுங்க அஞ்சும் ஒரே பெட்டியில வருமா? எது எதுன்னு எனக்கு அடையாளம் தெரியல. ஒண்ணு உடைஞ்சா கடையில மாத்திக் குடுப்பாங்களா, இல்ல ராத்திரி விளையாடிட்டுக் காலையில திருப்பிக் குடுத்துடலாமா?’

— தூ! அவன் வாயில புழு நெளிய!

— கூட்டம் சிரிச்சுது. அதைக் கூடத் தாங்கியிருப்பேன். திரும்பிப் பாக்குறேன், இவங்க நாலு பேரும் சிரிக்கிறாங்க. இந்த இன்ஹா அக்கா கையைத் தட்டிச் சிரிக்கிறா. சேரின் என் தோள்ல சாஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறா. பாவம், அவன் ஏதோ புகழ்றான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அதுக்கு மேல என்னால உக்கார முடியலம்மா. எந்திரிச்சு, ‘நீங்க பேசுற ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரியுது. எங்களுக்குப் பேரு இருக்கு’ன்னு சொன்னேன். அஞ்சு பேரோட பேரையும் சொன்னேன். கம்பெனி வெச்ச பேரு இல்ல, பெத்தவங்க வெச்ச பேரு. அவ்வளவுதான் நடந்தது.

— நல்லா செஞ்சே. நீ ஏன் இன்ஹா தலையைக் குனிஞ்சுக்கிறே? சாப்பிடு.

— அப்புறம் சாப்பிடறேன்மா.

— அக்கா, சுத்தி வளைக்காதே. எதுக்கு வந்தே?

— அந்தத் துண்டை அங்க எல்லாரும் பாத்துட்டாங்க தான்பி. நம்ம பாட்டைப் பாத்ததை விட அதிகமா. ‘எங்களுக்குப் பேரு இருக்கு’ன்னு பனியன்ல அடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியறாங்க. பேசாத பொம்மை பேசிடுச்சுன்னு உன்னைத் தலையில வெச்சுக் கொண்டாடறாங்க. இலையுதிர் காலத்துல மறுபடியும் கூப்பிட்டிருக்காங்க. இந்தத் தடவை விளையாட்டு மைதானங்கள்ல.

— நிஜமாவா? அப்ப மன்னிப்பு...

— யாருக்கும் மன்னிப்பு வேணாம். நீ மறுபடியும் எந்திரிச்சுப் போகணும். அதான் வேணும்.

— என்ன சொல்றே?

— ஒவ்வொரு ஊர்லயும், கச்சேரிக்கு நடுவுல. கோட்டுப் போட்ட ஒரு நடிகர் மேடைக்கு வந்து கிண்டல் பண்ணுவாரு. நாம சோபாவுல உக்காந்திருப்போம். நீ எந்திரிச்சு, மைக்கைக் கழட்டி வெச்சுட்டு, அதே வார்த்தைகளைச் சொல்லிட்டுப் போகணும். விளக்கு அணையும். புதுப் பாட்டு ஆரம்பிக்கும். பாட்டோட பேரே ‘எங்களுக்குப் பேரு இருக்கு’தான். கோபம் நிஜமாத் தெரியணும்னு பயிற்சி குடுக்க ஆள் பேசியாச்சு.

— யாரு?

— அதே வாத்தியார்.

— அக்கா, கொஞ்சம் தள்ளு... எனக்குக் குமட்டுது. கழுவுற தொட்டி பக்கம் போகணும்.

— மெதுவா, மெதுவா. முடியைப் பிடிச்சுக்கிறேன். என்னம்மா இது அநியாயம்? என் பிள்ளையோட கோபத்துக்கு டிக்கெட் போட்டு விப்பானா? நாளைக்கு அழுதா அதையும் பாட்டில்ல அடைச்சு விப்பானா? இதைச் சொல்லவா ரயிலேறி வந்தே?

— நானும் முதல்ல வர மாட்டேன்னுதான் சொன்னேன்மா. ஆனா இவ வரலைன்னா குழுவைக் கலைச்சுடுவாங்க. கலைச்சுட்டா நாங்க நாலு பேரும் வெறும் சோபாவுல உக்காந்து சிரிச்சவங்க. இங்க எங்களை அப்படித்தான் கூப்பிடறாங்க. ‘சிரிச்ச நாலு பேரு.’ சேரின் அறையை விட்டு வெளிய வர்றதில்ல. அவ அப்பா கடை சுவத்துல யாரோ அதை எழுதிட்டுப் போயிட்டாங்க.

— சேரின் அப்பா கடைச் சுவத்துலயா?

— வாயைத் துடைச்சுக்கோ தான்பி. ஆமா.

— அவ என்ன பண்ணா? அவளுக்கு ‘குட் மார்னிங்’குக்கு மேல ஒண்ணும் தெரியாதே. பள்ளிக்கூடப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கம்பெனிக்கு வந்த பிள்ளை. கனவு கண்டா கூட ஆடிக்கிட்டே தூங்குவா. அவளை எதுக்குத் திட்டறாங்க?

— ஊரு வாயை யாரு அடைக்கிறது?

— நான் அடைக்கிறேன். அம்மா, என்னை அப்படிப் பாக்காதே. அந்த ஆளுங்க மூஞ்சியில முழிக்கறதுக்கே எனக்கு ஒவ்வாது. ஆனா இவங்க நாலு பேரும் எனக்கு யாரு? ஒரே தட்டுல தின்னோம், ஒரே பாயில படுத்தோம். நான் எந்திரிச்சுப் போனதால இவங்க பேரு நாறக் கூடாது.

— அதுக்காக அந்தக் கூத்தை ஊர் ஊராப் போய் ஆடுவியாடி?

— ஆடறேன். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை ஆடிட்டு வந்துடறேன். ஆனா அக்கா, முதல்ல ஒரு பேட்டி குடுப்பேன். நம்ம டிவியில, நம்ம மொழியில. ‘இவங்க நாலு பேருக்கும் அவன் சொன்னது ஒரு வார்த்தை கூடப் புரியல. புரியாமச் சிரிச்சாங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல’ன்னு அடிச்சுச் சொல்வேன். தக் மேனேஜர் இதுக்கு ஒத்துக்கிட்டா வரேன்.

— வேணாம்.

— ஏன்? அவர் ஒத்துக்க மாட்டாரா?

— அவரு சந்தோஷமா ஒத்துக்குவாரு. நீ சொல்லாதே. என் மேல சத்தியமா, அதை மட்டும் சொல்லாதே தான்பி.

— ஏம்மா இன்ஹா, ஏன் சொல்லக் கூடாது? தொப்பியை எடுக்காதே, உக்காந்து சொல்லு.

— அன்னிக்குக் காலையில ஒத்திகைக்கு நீ வரல. எங்க போனே?

— தொண்டை டாக்டர்கிட்ட அனுப்பினாங்களே. என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லன்னு எவ்வளவோ சொன்னேன், தக் மேனேஜர் கேக்கவே இல்ல. ஏன்?

— அந்தக் கிண்டலை அவன் ஒத்திகையிலயே சொல்லிட்டான். தக் மேனேஜர் எங்க நாலு பேருக்கும் வரிவரியா நம்ம மொழியில அர்த்தம் சொன்னாரு. எங்க சிரிக்கணும், யாரு கை தட்டணும், சேரின் யார் தோள்ல சாயணும், எல்லாம் சொல்லிக் குடுத்தாரு.

— அர்த்தம் தெரிஞ்சேவா சிரிச்சீங்க?

— ம்.

— சேரினுமா?

— அவளும்தான்.

— அப்ப எனக்கு மட்டும் ஏன்க்கா சொல்லல?

— சொல்லியிருந்தா நீ எப்படி நிஜமா எந்திரிச்சுப் போவே, தான்பி?