முப்பத்து மூன்றாவது தலை

தலைமை ஏற்றிருக்கும் பயிற்சி நிலையத் தலைவர் அவர்களே! தப்புத் தப்பாய் எழுதிய எனக்குத் தலையில் குட்டாமல் பாடம் சொன்ன ஆசிரியர் அவர்களே! அவை நிறைந்த பெரியோர்களே! அடுப்பை அணைத்த கையோடு ஆறு மாதம் ஓடி ஓடி வந்து, சுற்றுலாத் தொழிலின் அடிப்படை படித்த தாய்மார்களே! வாசலில் வண்டியோடு காத்திருக்கும் ஓட்டுநர் அண்ணனே! எல்லோருக்கும் வணக்கம்.

என்ன தம்பி? "அக்கா, மைக்கைப் பிடிச்சுப் பேசுங்க"வா? பிடித்துக்கொண்டேன். வழிகாட்டியாக நான் போகும் முதல் வண்டி வெளியே நிற்கிறது. என் கால் இங்கே நிற்க மாட்டேன் என்கிறது.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கே வந்து வரவேற்கக் கற்றேன், வழிகாட்டக் கற்றேன், வண்டி கிளம்பும் முன் தலை எண்ணக் கற்றேன். பரீட்சையில் ஒரு கேள்வி: பட்டியலில் முப்பத்திரண்டு பயணிகள், எத்தனை தலை எண்ண வேண்டும்? முப்பத்து மூன்று என்று எழுதினேன். முட்டை போட்டார் ஆசிரியர்.

"டிரைவரை விட்டுட்டீங்களே சார்?"

"அவரு எங்கம்மா போயிடப் போறாரு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

என் வீட்டுக்காரரும் டூரிஸ்ட் பஸ் ஓட்டியவர்தான். "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு. இந்த ஒரு ட்ரிப்பை முடிச்சுட்டு வந்துடறேன்" என்று போனார். அருவி பார்க்க எல்லோரும் இறங்கினார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஏறினார்கள். வழிகாட்டி ஒரு தரம் எண்ணினார், இன்னொரு தரம் எண்ணினார். "எல்லாரும் இருக்கீங்க, கிளம்பலாம்!" என்றார். வண்டி கிளம்பவில்லை. "என்ன டிரைவர், தூக்கமா?" என்று பின் சீட்டில் கேலி. ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துக் கிடந்தார் மனிதர். எழுப்பினார்கள். எழவில்லை.

யாரைக் குறை சொல்வேன்? எண்ணியவரையா? சொல்லிக்கொடுத்ததை எண்ணினார்! எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் தலை, தலை இல்லையா? இறங்கும்போது ஒருவர், ஒரே ஒருவர், அந்த முகத்தைப் பார்த்திருந்தால்? "என்னண்ணே, இப்படி வேர்க்குது?" என்று கேட்டிருந்தால்?

தலைவர் அவர்களே! மதிப்பெண் போனால் போகட்டும். நீங்கள் அச்சடிக்கும் பட்டியலில், முதல் பயணிக்கு மேலே ஒரு வரி போடுங்கள்: ஓட்டுநர், முகம் பார்த்தாயிற்றா? அவ்வளவுதான். தலையாட்டினால் போதாது ஐயா, பேனாவை எடுங்கள். எடுத்துவிட்டாரா? இப்போது தட்டுங்கள் கையை!

ஹாரன் கேட்கிறதா? அவசரப்படுத்துகிறார். அடிக்கட்டும், நன்றாக அடிக்கட்டும்! அடிக்கிற கை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கேட்டுக்கொண்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி, எல்லோருக்கும் வணக்கம்.

இதோ வந்துட்டேண்ணே! உங்ககிட்ட இருந்துதான் எண்ணப் போறேன். ஒண்ணு!